கண் அட்டையை மனப்பாடம் செய்தவன்

எங்கள் தொழிற்சாலையின் முதலுதவி அறைச் சுவரில் ஒரு கண் அட்டை தொங்கும். மேலே ஒரு பெரிய எழுத்து, அதன் கீழே இரண்டு, அப்புறம் மூன்று என்று இறங்கிக்கொண்டே போய், கடைசி வரிசையில் ஏழு பொடி எழுத்துகள். ட, ப, ல, ய, ம, ச, வ. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டேனா இல்லையா என்பதே எனக்கு இப்போது மறந்துபோகிறது. இந்த ஏழு எழுத்து மட்டும் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது. நேராகவும் சொல்வேன், தலைகீழாகவும் சொல்வேன். முட்டி மோதிப் பாஸ் செய்த ஐ.டி.ஐ. பாடம் ஒன்றுகூட இப்படி நிற்கவில்லை. ஏனென்றால் இதை நான் எனக்காகப் படிக்கவில்லை, என் கூட்டாளிக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்தேன். முப்பத்தொரு வருடச் சிநேகம் எங்களுடையது. அது முறிந்ததற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிசையைத்தான் காட்டுவேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். நடந்ததில் கம்பெனியின் மேல் ஒரு தப்பும் இல்லை, இருந்த தப்பெல்லாம் எங்கள் இருவர் மேல்தான். நானும் அவனும் ஒரே வாரத்தில் அங்கே அப்ரண்டிசாகச் சேர்ந்தோம். நான் கள்ளிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவேன், அவன் ஆவடியிலிருந்து ரயிலில் வருவான். அவனுடைய அப்பா ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவன் வளர்ந்த குவார்ட்டர்சில் இடது பக்கம் திருநெல்வேலி வீடு, வலது பக்கம் கோயம்புத்தூர் வீடு, மாடியில் தர்மபுரி வீடு. அதனால் எந்த ஊர்ப் பேச்சானாலும் அச்சாகப் பேசிக்காட்டுவான். எங்கள் ஃபோர்மேன் மதுரைக்காரர். அவர் குரலிலேயே பின்னாலிருந்து, "அங்கிட்டு என்னப்பா பராக்கு?" என்று இவன் அதட்டினால் நான் நிஜமாகவே பதறிப்போய்த் திரும்புவேன். மொத்த ஷெட்டும் சிரிக்கும். எத்தனை தடவை ஏமாந்தாலும் அடுத்த தடவையும் ஏமாறுவேன். அதற்காகவே அவனுக்கு என்னைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

எங்களுக்குக் கொடுத்தது பக்கத்துப் பக்கத்து கிரைண்டிங் மெஷின்கள். அதில் சுழலும் வட்டக் கல்லை நாங்கள் 'கல்லு' என்றே சொல்வோம். இரும்புத் தண்டை அதில் கொண்டுபோய் வைத்தால் பொறி பறக்கும், தண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருக்கிறது வித்தை. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஏழெட்டாகக் கிழித்தால் வருகிற ஒரு பங்கு கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. நாங்களெல்லாம் நிறுத்தி நிறுத்தி மைக்ரோமீட்டரை வைத்து அளப்போம். அவன் காதைக் கொடுத்து நிற்பான். "கல்லு பாடறத கேளு மச்சான். பாட்டு நின்னா சைஸ் வந்துடுச்சி" என்பான். அளந்து பார்த்தால், அட பாவி, அப்படியே வந்திருக்கும். எனக்கு அந்தக் காது கிடையாது. பொறுமைதான் உண்டு. அந்தப் பொறுமையைப் பார்த்து, பத்து வருடம் கழித்து என்னை இன்ஸ்பெக்டராக்கினார்கள். மெஷினை விட்டு மேஜைக்குப் போனேன். என் எண் போட்ட இரண்டு முத்திரைகள், பச்சை மை ஒன்று, சிவப்பு மை ஒன்று. தேறிய தண்டுக்குப் பச்சை, தேறாததற்குச் சிவப்பு. அவனுடைய தண்டுகளுக்கு நான் சிவப்பு மையைத் திறந்ததே இல்லை. திறக்க வேண்டியிருக்கவில்லை, அவ்வளவு நன்றாகச் செய்வான்.

எங்கள் சிநேகத்தைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். என் மகன் பிறந்த அன்று பேய்மழை. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், ஆட்டோ எதுவும் உள்ளே வர மாட்டேன் என்கிறது. என் மனைவி இவளுக்கோ வலி எடுத்துவிட்டது. எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் போன் செய்யக்கூட இல்லை, வேலைக்கு வரவில்லையே என்று அவனாகத் தேடிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கி, அதில் இவளை உட்காரவைத்து, ஒரு பக்கம் அவனும் ஒரு பக்கம் நானுமாகத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்தோம். வழி முழுக்கக் கோயம்புத்தூர்ப் பேச்சில், "ஏனுங் அம்மணி, கப்பல்ல போறது எப்படிங் இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வலிக்கு நடுவிலும் சிரித்தேன் என்று இவள் இன்றைக்கும் சொல்வாள். அவன் எனக்கு யார் என்று அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

அவனுக்கு நாற்பத்தைந்து வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. வாயைக் கட்ட மாட்டான். ஐம்பது நெருங்கும்போது சில மாற்றங்களைக் கவனித்தேன். பைக்கை விற்றுவிட்டான். கேட்டால், "பெட்ரோலு விக்கிற வெலைக்கு யாரு மச்சான் ஓட்டறது?" என்றான். பட்டரவாக்கம் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வர ஆரம்பித்தான். டீக்கடையில் பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். தினசரியை வரிக்கு வரி கிண்டல் செய்து படிக்கிற ஆள், என்னிடம் நீட்டி, "நீ படி, கண்ணாடிய ஊட்லயே வச்சிட்டு வந்துட்டேன்" என்றான். அவனிடம் கண்ணாடியே கிடையாது. தலைமுடியில் எட்டில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. தெரியாதது போல இருந்தேன். அவனாகச் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

அந்த வருடக் கண் பரிசோதனைக்கு நான்கு நாள் முன்னால் சொன்னான். அதுவும் நேராகச் சொல்லவில்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "மச்சான், அந்த ரூம்ல கீற அட்டைய இந்த வருஷமாச்சும் மாத்தனானுங்களா?" என்றான். மாற்றவில்லை என்றேன். இன்ஸ்பெக்டர்களான எங்களுக்கு முந்தின நாளே பரிசோதனை முடிந்திருந்தது. கொஞ்ச தூரம் போனதும், "கடைசி லைன்ல இன்னாலாம் வரும்?" என்றான். அப்போதே வண்டியை ஓரம் கட்டி, இறங்குடா, கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மத்தியானம் தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் முதலுதவி அறைக்குப் போய், அட்டை முழுவதையும் ஒரு கேன்டீன் டோக்கனின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

நான்கு நாள் பாடம் நடந்தது. போகும்போதும் வரும்போதும் நான் ஒரு வரிசை சொல்ல, அவன் திருப்பிச் சொல்வான். ஏழு எழுத்துக்கும் ஒரு மெட்டுப் போட்டு என் முதுகில் தாளம் தட்டிக்கொண்டு பாடினான். இரண்டாவது கண்ணுக்குத் திருப்பிப் படிக்கச் சொன்னால் என்ன செய்வது என்று தலைகீழாகவும் பழகினான். எஸ்டேட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு கிழட்டுப் பிள்ளைகளாகச் சிரித்துக்கொண்டு போனோம். மறைப்பதற்கென்ன, எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. பரிசோதனைக்கு வந்த டாக்டர், "இந்த வயசில் கடைசி வரி இவ்வளவு வேகமாகப் படிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை" என்று சொன்னாராம். சாயங்காலம் டீக்கடையில் அதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினான்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் தாங்கவில்லை. புதிதாகக் கிங் பின் ஆர்டர் வந்தது. லாரியின் முன்சக்கரம் எந்தத் தண்டின் மேல் இடமும் வலமும் திரும்புகிறதோ, அந்தத் தண்டுக்குப் பெயர் கிங் பின். சாலையில் போகிற ஒவ்வொரு உயிரும் அதை நம்பித்தான் போகிறது. முதல் ஷிப்டில் அதை யாரிடம் கொடுப்பது என்று ஃபோர்மேன் யோசித்தார். அனுபவம் யாருக்கு அதிகம்? அவனுக்கு. கண் பரிசோதனையில் முதலில் வந்தது யார்? அவன். கொடுத்துவிட்டார். நான் மேஜையில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்தேன். எழுந்துபோய்ச் சொல்ல வாய் வரவில்லை. ஏனென்றால் டோக்கனில் எழுதிக்கொண்டு வந்த கை என்னுடையது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் நான் பட்ட பாடு இருக்கிறதே, என் எதிரிக்கும் வேண்டாம். நடுவில் வந்த அடுத்த வருடக் கண் பரிசோதனையிலும் அதே அட்டை, அதே பாட்டைப் பாடித் தேறிவிட்டான். காதை வைத்துக்கொண்டு அவன் பத்தில் ஏழை ஒழுங்காகச் செய்துவிடுவான். மிச்சம் மூன்றில் ஒன்று அளவு கூடியிருக்கும், இரண்டு குறைந்திருக்கும். கூடியதை மறுபடி தேய்த்துச் சரிசெய்துவிடலாம். சாப்பாட்டு நேரத்தில் அவன் மெஷினுக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டியை விரித்துப் போட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவான். நான் அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, அவன் மெஷினிலேயே அவற்றைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து பச்சை போடுவேன். குறைந்துபோனதை ஒன்றும் செய்ய முடியாது, இரும்பை ஒட்டவா முடியும்? அவற்றைத் துணியில் சுற்றி, இரண்டாவது ஷிப்டின் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவேன். கெட்ட தண்டு ஒன்றுகூட என்னைத் தாண்டி வெளியே போகவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்வேன். அந்த ஒரு நினைப்பில்தான் என்னை நானே நல்லவன் என்று ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அவனுக்குத் தெரியாமல் அவனைக் காப்பாற்றுகிறேனாம், பெரிய தியாகி.

வீட்டில் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் ஏதோ ஒரு லாரி எங்கேயோ வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும். ஒன்றைச் சரியாக அளந்தேனா, பச்சை மை தவறிப்போய் எதன் மேலாவது பட்டுவிட்டதா என்று புரண்டு புரண்டு படுப்பேன். "உங்களுக்கு என்னதாங்க ஆச்சு?" என்று இவள் கேட்டால் எரிந்து விழுவேன். கண்ணைக் காட்டு என்று அவனிடம் ஜாடையாகவும் நேராகவும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "காட்டனா அன்ஃபிட்டுனு எய்தி அனுப்பிடுவானுங்க மச்சான். அப்றம் நான் இன்னாத்துக்கு? பேக்கிங்ல குந்திகினு அட்டப்பொட்டி ஒட்டவா?" என்பான். அந்த ஷெட்டில் காதால் அளவு சொல்கிற ஒரே ஆள் என்பதில் அவனுக்கு இருந்த பெருமை எனக்குத் தெரியும். அதற்கு மேல் அழுத்திச் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

இரண்டாவது ஷிப்டில் கிங் பின் செய்தவர் பூந்தமல்லியிலிருந்து வருகிறவர். எங்களைவிட மூத்தவர், அதிர்ந்து பேச மாட்டார். ஒரு நாள் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து, கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நின்றார். கழிவு அதிகமாகிறது, இனியும் தொடர்ந்தால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அவருக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். "சார், நான் எண்ணி எண்ணித்தான் சார் போடறேன். தொட்டியில மட்டும் எப்படியோ ஜாஸ்தியா வந்து நிக்குது. என் மெஷின்ல ஏதாவது கோளாறா, இல்ல என் கைதான் நடுங்குதா, நீங்க கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார். கையை நீட்டி விரல்களை என் முன்னால் விரித்துக் காட்டினார். நடுக்கம் ஒன்றும் இல்லை. திருடனிடமே வந்து திருட்டைக் கண்டுபிடித்துக் கொடு என்று கேட்கிறார் மனுஷன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

மறுநாள் காலை வண்டியில் வரும்போதே அவனிடம் மெமோ விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கே ஃபோர்மேனிடம் நீயாகப் போய்ச் சொல்லிவிடு, நானும் கூட வருகிறேன், சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கேட்டில் இறங்கும்போது, "பூந்தமல்லிகாரருக்கு இன்னா, இன்னும் ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆவப் போறாரு, உடு" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அந்தத் தட்டல்தான். மழையில் நாற்காலி தூக்கிய கை. அதை உதறிவிட வேண்டும் போல எனக்கு ஆனது அன்றைக்குத்தான்.

பதினோரு மணி வாக்கில் அவனுடைய தண்டுகள் என் மேஜைக்கு வந்தன. வரிசையாக அளந்தேன். அறுபதில் பதினேழு தேறவில்லை. துணியைத் தேடவில்லை. சிவப்பு மையை எடுத்தேன். கிங் பின் வந்ததிலிருந்து அவனுடைய தண்டுகளை மட்டுமே நான் பார்த்ததால், அந்த மை திறக்கப்படாமலே காய்ந்து கட்டியாகியிருந்தது. எச்சில் துப்பி நனைத்து, ஒவ்வொன்றின் மேலும் என் எண்ணைக் குத்தினேன். பதினேழு முறை. விஷயம் ஷெட்டில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அவனே வந்து நின்றான். தண்டு ஒன்றைக் கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். நிறம் தெரிந்ததோ இல்லையோ, என் முகத்திலிருந்து புரிந்துகொண்டான்.

"ஒன்ற வருஷமா பச்ச போட்டல்ல, இன்னிக்கி இன்னா புச்சா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"என் கல்லு சத்தம் எனக்குக் கேக்காதாடா? தெனம் துண்ட மூஞ்சில போட்டுகினு, நீ என் மெஷின ஓட்றத கேட்டுகினு தான படுத்துகினு கீறேன். மின்ன மாரி இல்ல உன் கை. அவசரப்பட்ற."

இவ்வளவு நாள் ஒளித்து ஒளித்து நான் செய்ததை எல்லாம், தூங்குவதாக நான் நினைத்த ஆள் காதால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒரு நாளாவது எழுந்து உட்கார்ந்து, போதும்டா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அறிந்ததில்லை. ஃபோர்மேன் அதற்குள் வந்துவிட்டார். "என்னப்பா இது, பதினேழு சிவப்பு?" என்றார். நான் எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். டோக்கன், அட்டை, சாப்பாட்டு நேரம், துணி, பூந்தமல்லிக்காரரின் தொட்டி, ஒன்றையும் விடவில்லை. கடைசியாக, "இவனுக்குக் கண்ணு தெரியல சார்" என்றேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றிருந்தன. முப்பது பேர் கேட்டார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். சரிதான். ஆனால் தனியாகச் சொல்கிற தைரியம் எனக்கு இருந்திருந்தால் விஷயம் அதுவரை வந்தே இருக்காதே.

அன்று சாயங்காலம் அவன் என் வண்டியில் ஏறவில்லை. பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தே கிளம்பினான். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு இருபதடி பின்னால் போனேன். எதிரே வெயில். லாரி ஹாரன் அடிக்கும்போதெல்லாம் நின்று, சுவரைத் தொட்டுக்கொண்டு, பிறகு நடந்தான். ஒரு பள்ளத்தில் கால் மடங்கித் தடுமாறினான். நான் ஓடினேன். அவன் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி என்னை நிறுத்தினான். "பின்னாடி வராத" என்றான். "மச்சான்..." என்றேன். "அப்டி கூப்டாத. நான் செத்தா நீ வராத, நீ செத்தா நானும் வரல. அவ்ளோதான்" என்றான். எந்த ஊர்க் குரலிலும் இல்லை, அவனுடைய சொந்தக் குரலில் சொன்னான். ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, அவன் பிளாட்பாரம் ஏறுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன். வெட்கமாக இல்லை.

கம்பெனி அவனை வேறு டாக்டரிடம் அனுப்பியது. அங்கே மூன்றாவது வரிசைக்குக் கீழே அவனால் போக முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். பேக்கிங்கில் வேலை தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவன் அதற்கப்புறம் கேட் பக்கம் வரவில்லை. என்னிடமிருந்து இரண்டு முத்திரைகளையும் வாங்கிக்கொண்டு என்னைத்தான் பேக்கிங்கில் போட்டார்கள். அட்டைப்பெட்டி ஒட்டினேன். பூந்தமல்லிக்காரரின் மெமோவைக் கிழித்துப் போட்டார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டபோது அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "சரிப்பா" என்றார். அதுவரை சார் என்று கூப்பிட்டவர். அதோடு சார் போயிற்று. எனக்கு அது நியாயமாகப் பட்டது.

சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே எனக்குத் தூக்கம் வந்தது. எப்பேர்ப்பட்ட தூக்கம்! "நேத்து நீங்க விட்ட கொறட்டையில பக்கத்து வீட்டுக் கொழந்த எழுந்து அழுதுது" என்றாள் இவள். சாப்பாட்டு நேரத்தில் முழுதாக உட்கார்ந்து, குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று நாக்கில் பட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன். உயிருக்கு உயிரானவனை இழந்துவிட்டு ஒருவன் இப்படி நிம்மதியாக இருக்கலாமா என்று முதலில் குற்ற உணர்ச்சியாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. அவனோடு இருந்த முப்பது வருடம் எனக்குச் சந்தோஷம்தான். கடைசி ஒன்றரை வருடத்தில் நான் சிநேகிதனாக இருக்கவில்லை, அவனுடைய பொய்யைத் தூக்கிச் சுமக்கிற கூலியாளாக இருந்தேன். சுமையை இறக்கினேன், கூடவே அவனும் இறங்கிப் போனான். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க வழி இருந்திருந்தால் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ஒன்று மட்டும் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எனக்குக் கண்ணாடி மாற்றுவதற்காகப் போனபோது கண் டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சர்க்கரையினால் வருகிற பார்வைக் கோளாறு சீக்கிரம் வந்தால் நிறுத்திவிடலாம், தள்ளிப்போடத் தள்ளிப்போடப் போனது போனதுதான் என்றார். "ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டால்?" என்றேன். "அது ரொம்ப நாளாச்சே" என்றார். அப்படியானால் அவன் கண்ணைக் கெடுத்தது யார்? அவன் பாதி, நான் பாதி. நான் பச்சை போடாமல் இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். அவன் கண் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் என் நிம்மதி முழுசாகாது என்று ஆவடிக்கு இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை அவன் மனைவி கிரில் கதவைத் திறக்காமலே, "வராதீங்கண்ணே. உங்க வண்டி சத்தம் கேட்டாலே அவரு எழுந்து பின்பக்கமா போயிடறாரு" என்றாள். "கண்ணு எப்படிம்மா இருக்கு? டாக்டர்கிட்ட போனானா?" என்றேன். உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, உள்கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த வருடம் விசாரித்தபோது அந்த வீட்டையே காலி செய்துகொண்டு எங்கேயோ போயிருந்தார்கள். போன் நம்பரையும் மாற்றிவிட்டான். ஆறு வருடம் ஓடிவிட்டது. நான் ரிடையரும் ஆகிவிட்டேன்.

போன மாதம் ஒரு காலை. அம்பத்தூர் ஓ.டி. மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் கூட்டம். அதில் ஒரு ஆள் நிற்கிற விதம், ஒரு பக்கமாகத் தோளைச் சாய்த்து, ஏதோ கேட்கிற மாதிரி. அவன்தான். தலை மொத்தமும் நரைத்து, முன்னைவிட இளைத்து, முகத்தில் கனமான ஒரு கண்ணாடி. காய்க்கடையிலேயே நின்று பார்த்தேன். நான் பைக்கில் வரவில்லை, வாயைத் திறக்கவில்லை. நடுவே ஷேர் ஆட்டோக்களும் லாரிகளும் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. அவனுக்குத் தெரிந்த ஆளாகவும் நான் இப்போது இல்லை. டை அடித்துக்கொண்டிருந்த தலைமுடி கொட்டி வழுக்கையாகிவிட்டது, மீசையை எடுத்துவிட்டேன், பத்துக் கிலோ இறங்கியிருக்கிறேன். அவன் பார்வை கடைகளின் மேலாக வந்தது, என்னைத் தாண்டிப் போயிற்று. பிறகு நின்றது. திரும்பி வந்தது. என் மேல் வந்து உட்கார்ந்தது.

தாடை இறுகுவதைப் பார்த்தேன். ஆறு வருடக் கோபத்தையும் சேர்த்து வைத்து முறைத்தான். அப்புறம் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பஸ் ஒன்று வந்து நின்றது, ஏறிப் போய்விட்டான்.

காய்க்காரம்மா, "இன்னாபா நீயா சிரிக்கிற, முருங்கக்கா வேணுமா வேணாமா?" என்றாள். பையை அவளிடமே விட்டுவிட்டு, போக்குவரத்து குறைந்ததும் சாலையைக் கடந்து, அவன் நின்ற இடம் வரை ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டே நடந்தேன். அப்புறம் சந்தேகம் வந்து, திரும்பி வரும்போதும் ஒருமுறை எண்ணினேன். கணக்கு சரியாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவளிடம் சொன்னேன். "பேசினாரா?" என்று ஆவலாகக் கேட்டாள். இல்லை, முறைத்தான் என்றேன். "இன்னுமா கோவம் போகல? அதுக்கு எதுக்குங்க இவ்ளோ சிரிப்பு உங்களுக்கு?" என்றாள்.

"நாப்பத்தோரு எட்டுடி. நாப்பத்தோரு எட்டு தள்ளி நின்னுக்கிட்டு, இந்த மொட்டைத் தலையை அடையாளம் கண்டுபிடிச்சு முறைச்சான்" என்றேன்.

இவள் கையிலிருந்த கத்தரிக்காயை அப்படியே தரையில் வைத்தாள்.

"ஐயோ, தெரியுதா அவருக்கு!" என்றாள்.